கொடியில்லா ராஜ்ஜியங்கள் – 11: குத்தகைக்கு ஒரு போர்

சென்ற வாரம்: 1867 ஆகஸ்ட். பினாங்குத் தெருக்களில் பத்து நாள் வெட்டுக்குத்து. ஒரு பக்கம் கீ ஹின் சங்கமும் வெள்ளைக்கொடிக்காரர்களும். மறுபக்கம் தோ பே கோங் சங்கமும் சிவப்புக்கொடிக்காரர்களும். ஊரை அடக்கியிருக்க வேண்டிய சிப்பாய்களில் பெரும்பகுதியினர் நிக்கோபாருக்குப் போயிருந்தார்கள். கலவரம் ஓய்ந்ததும் நான்கு சங்கங்களுக்கும் தலா 5,000 டாலர் அபராதம். அந்தப் பணத்தில் அரசாங்கம் போலீஸ் நிலையங்கள் கட்டியது. சங்கங்கள் அதிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டன...

பாலிக் புலாவ் கடைத்தெருவின் நடுவில், வண்டிகள் சுற்றித் திரும்பும் இடத்தில், பழைய நீரூற்று ஒன்று நிற்கிறது. டுரியான் காலத்தில் ஜார்ஜ் டவுனிலிருந்து மலையேறி இறங்கி வருகிற கார்க்காரர்களுக்கு லக்சா கடையிலும் பழக்கடையிலுமே கண். நீரூற்றை யார் வைத்தது என்று கேட்பவர் குறைவு. 1882-இல் கோ சியாங் தாட் என்ற தவுக்கே (சீன முதலாளி) தம் சொந்தக் காசில் கட்டி ஊருக்குக் கொடுத்தது அது.

மனிதர் லேசுப்பட்டவரில்லை. 1869-இல் விக்டோரியா மகாராணியின் மகன் எடின்பரோ கோமகன் பினாங்குக்கு வந்தபோது தங்கியது இந்தத் தவுக்கேயின் பங்களாவில்தான். அதனாலேயே அதற்கு எடின்பரோ ஹவுஸ் என்று பெயர் வந்தது. இளவரசனுக்குப் படுக்கை போடும் அளவுக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது? பல வழிகளில். அவற்றில் முக்கியமான ஒன்று அபின் குத்தகை.

இந்தக் குத்தகையைப் புரிந்துகொள்ளாமல் இந்த வாரக் கதைக்குள் கால் வைக்க முடியாது. பினாங்கு சுங்கவரி இல்லாத துறைமுகம். வரி போட்டால் கப்பல்கள் வேறு துறைக்குப் போய்விடும் என்பதால் இறக்குமதிக்கும் வரியில்லை, ஏற்றுமதிக்கும் வரியில்லை. அப்படியானால் கவர்னருக்குச் சம்பளம், போலீஸுக்குக் கஞ்சி எங்கிருந்து? ஒரு காலத்தில் நம்மூரில் சாராயக்கடைகளை ஏலம் விட்டார்களே, அதே சங்கதிதான். தீவில் அபின் காய்ச்சி விற்கும் உரிமையை இத்தனை வருடத்துக்கு என்று ஏலம் விடுவார்கள். அதிகம் கேட்டவர் மாதாமாதம் குத்தகைப் பணம் கட்டுவார். கள்ள அபின் வராமல் பார்த்துக்கொள்வது அவர் பாடு. அதற்காக அவரே ஆள் வைத்திருந்தார். ‘சிந்தேங்’ என்று அழைக்கப்பட்ட அந்தக் காவலர்கள் வீடு புகுந்து சோதனை போடுவார்கள். சம்பளம் தவுக்கேயுடையது, அதிகாரம் மகாராணியுடையது. காலனி அரசின் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு இந்தக் குத்தகைகளிலிருந்துதான் வந்தது.

தன் வரிவசூலையே தனியாருக்கு விட்டுவிட்ட ஊரில், போரையும் சமாதானத்தையும் தனியார் நடத்தினார்கள் என்றால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

வரைபடத்தில் பாலிக் புலாவில் விரல் வையுங்கள். வடமேற்கே நகர்த்தினால் பந்தாய் ஆச்சே என்ற மீனவர் கிராமம், அதைத் தாண்டித் திறந்த கடல், அக்கரையில் சுமத்ரா. தெற்கே நகர்த்தினால் கெர்த்தாக் சாங்குல், பிறகு கடல், பிறகு பேராக் கரையின் சதுப்புக் காடுகள். அங்கே லாருட் ஆற்றின் முகத்துவாரம். 1873-இல் இந்த இரண்டு திசையிலும் போர் நடந்தது. இரண்டில் எதையும் பினாங்கு அரசாங்கம் தொடங்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் அரிசியும் மருந்தும் (குண்டுமருந்தைச் சொல்கிறேன்) பினாங்குக் கரையிலிருந்தே போயின. மேற்குப் போர் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் தெற்கு.

*

லாருட்டின் கதையை எல்லோரும் ஒரு யானையில் தொடங்குவார்கள். லோங் ஜாபார் என்ற மலாய்ப் பிரபுவின் யானை காட்டில் தொலைந்துபோய், சில நாள் கழித்துக் காலில் ஈய மண் அப்பியபடி திரும்பி வந்ததாம். யானையின் பெயர்தான் லாருட்டாம். நல்ல கதை, நம்பினாலும் நட்டமில்லை. உறுதியான செய்தி இது: 1848 வாக்கில் அங்கே ஈயம் கிடைப்பது தெரிந்ததும் லோங் ஜாபார் பினாங்கிலிருந்து சீனர்களை வரவழைத்தார். அவருக்குப் பின் வந்த மகன் ஙா இப்ராஹிம் காலத்தில் அது ஆயிரக்கணக்கானோர் மண் வெட்டும் ஈயலம்பப் (ஈயச்சுரங்கப்) பிரதேசமாகிவிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டப்பா உணவு பெருக ஆரம்பித்த காலம். டப்பாவுக்குப் பூச ஈயம் வேண்டும். லாருட்டில் ஈயம் இருந்தது.

முதல் போட்டது பினாங்கு தவுக்கேகள். முறை இப்படி: தவுக்கே லம்பத்துக்கு அரிசி, எண்ணெய், அபின், பணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்புவார். லம்பக்காரர் எடுத்த ஈயத்தை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். கூலியின் சம்பளத்தில் பாதி அபினாகவும் அரிசியாகவும் தவுக்கேயின் கடைக்கே திரும்பிவிடும். ஈயத்தில் நட்டம் வந்தாலும் அபினில் லாபம் வரும். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை: லம்பம் வேறு கைக்குப் போனால் முன்பணம் மொத்தமும் போச்சு. லாருட்டில் யாராவது பத்து அடி நிலத்துக்கு அடித்துக்கொண்டால் பினாங்கில் சர்ச் தெருவில் ஒரு தவுக்கேக்குத் தூக்கம் கெடும்.

அங்கே இரண்டு கூட்டம். கிளியான் பாவ் என்ற இடத்தில் (இன்றைய தைப்பிங்) ஹாய் சான் சங்கம். சில மைல் வடக்கே கிளியான் பாருவில் (இன்றைய கமுந்திங்) கீ ஹின் சங்கம். ஹாய் சானின் தலைவர் சுங் கெங் குவி. மலாயாவுக்கு முன்னரே போய்விட்ட தகப்பனாரைத் தேடிச் சீனாவிலிருந்து வந்த ஹக்கா இளைஞர், வந்த இடத்தில் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு எஜமானாகிவிட்டார்.

‘ரகசியச் சங்கம்’ என்றதும் நமக்கு முகமூடியும் இருட்டறையும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் 1890 வரை அவை சட்டப்படி நடந்த சங்கங்கள். 1869-க்குப் பிறகு அரசாங்கத்தில் பதிவும் செய்துகொண்டவை. கப்பலிலிருந்து இறங்கும் புதுக் கூலிக்கு இந்த மண்ணில் உறவு இல்லை, மொழி இல்லை, பயணக்கடன் மட்டும் உண்டு. சங்கம் அவனுக்குச் சோறு போடும், வேலை தேடித் தரும், வழக்குத் தீர்க்கும், செத்தால் அடக்கம் செய்யும். சத்தியம் செய்து சேர்ந்தபின் அவனுக்கு அரசாங்கம் என்றால் அதுதான். அதே காலத்தில் எதிர்க்கரையில், செபராங் பிறை கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்த நம் சனங்களுக்கு அப்படியொரு சங்கமும் வாய்க்கவில்லை. அது வேறு அத்தியாயம், வேறு கோபம்.

1861-இல் முதல் மோதல். ஹாய் சான் ஆட்கள் கீ ஹின் ஆட்களை லம்பத்திலிருந்து விரட்டினார்கள். தோற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நம் தொடரின் உயிர் இருக்கிறது. அவர்கள் கத்தி தீட்டவில்லை; மனு எழுதினார்கள். தங்களில் சிலர் பினாங்கில் குடியிருக்கும் பிரிட்டிஷ் பிரஜைகள், பிரிட்டிஷ் பிரஜையின் சொத்து வெளிநாட்டில் கொள்ளை போயிருக்கிறது, கவர்னர் கேட்டுக் கொடுக்க வேண்டும். மனு வேலை செய்தது! கவர்னர் கவெனா 1862-இல் லாருட் ஆற்றின் வாயை முற்றுகையிட வைத்தார். 17,447 டாலர் நட்டஈடு. பேராக் சுல்தான் சார்பில் ஙா இப்ராஹிம் அதைக் கட்டி முற்றுகையை விலக்கினார். பதிலுக்குச் சுல்தான் அவருக்கு ‘ஓராங் காயா மந்திரி’ பட்டமும் லாருட்டின் மீது ஏறக்குறைய முழு ஆட்சியுரிமையும் கொடுத்தார்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒரு கூலிச் சங்கம் உலகின் மிகப் பெரிய கடற்படையை வைத்துத் தன் கடனை வசூலித்துக்கொண்டது. அந்த வசூல் ஒரு மலாய்ப் பிரபுவைக் குட்டி அரசராக்கியது. இரண்டு அரசாங்கங்களும் தாங்களே முடிவெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தன.

1865-இல் மறுபடியும். இந்த முறை சூதாட்டத் தகராறு. பிடிபட்ட கீ ஹின் ஆட்கள் கொல்லப்பட, கீ ஹின் மீண்டும் விரட்டப்பட்டது. இந்த முறை மனு பலிக்கவில்லை. அந்தப் புகைச்சல் பினாங்குக்குக் கடல் கடந்து வந்து 1867-இல் தெருவில் வெடித்ததைத்தான் சென்ற வாரம் பார்த்தோம். பினாங்கில் அடித்துக்கொண்டால் அபராதம், ஆணையம், தூக்குத் தண்டனை என்று வழக்கு நீளும். லாருட்டில் அடித்துக்கொண்டால்? யாரும் கேட்க முடியாது. சங்கங்கள் படித்த பாடம் இதுவே.

*

1872-இல் மூன்றாவது போர் ஒரு கள்ளக்காதலில் தொடங்கியதாகச் சொல்வார்கள். கீ ஹின் தலைவர் ஒருவரும் ஹாய் சான் தலைவரின் உறவினர் மனைவியும் பிடிபட்டதாகவும், பன்றிக் கூடையில் அடைத்து ஊர்வலம் விட்டு நீரில் அமுக்கிக் கொன்றதாகவும் கதை. நடந்திருக்கலாம். ஆனால் ஒரு காதலுக்காக இருபதாயிரம் பேர் வேலை செய்யும் லம்பங்கள் இரண்டாண்டு எரியாது. அங்கே தண்ணீர்த் தகராறு இருந்தது; ஓடும் நீர் இல்லாமல் ஈயத்தை அலச முடியாது, ஓடையை யார் மறிப்பது என்பதில் பல வருடக் கடுப்பு. அதற்கும் மேலே பினாங்கில் முன்பணத்தின் கணக்கு இருந்தது.

மார்ச்சில் கீ ஹின் ஹாய் சானை விரட்டியது. அக்டோபரில் பினாங்கிலிருந்து ஆயுதத்தோடு வந்திறங்கி ஹாய் சான் திருப்பி விரட்டியது. டிசம்பரில் கீ ஹின் கடலிலிருந்து வந்தது. பீரங்கி ஏற்றிய ஜங்குகளால் ஆற்றின் வாயை அடைத்து, லாருட்டுக்கு அரிசி போகாமல் செய்தது. கவெனா 1862-இல் மகாராணியின் பெயரில் செய்ததை இப்போது சங்கம் தன் பெயரில் செய்தது. முற்றுகைக்காரர்களுக்கும் பசிக்குமே, கரையோர மீனவர்களையும் வணிகப் படகுகளையும் அவர்கள் கொள்ளையடிக்க ஆரம்பித்தார்கள்.

இதற்குள் மலாய் அரசியல் குறுக்கே பாய்ந்தது. 1871-இல் பேராக் சுல்தான் அலி இறந்தபோது, முறைப்படி அடுத்து வர வேண்டிய ராஜா அப்துல்லாவை ஒதுக்கிவிட்டுப் பெரியவர்கள் இஸ்மாயிலைச் சுல்தானாக்கினார்கள். லாருட் சண்டையில் ஙா இப்ராஹிம் ஹாய் சான் பக்கம் சாய்ந்திருந்தார். அப்துல்லா கீ ஹின் பக்கம் சாய்ந்தார். ஆட்கள் இல்லாத அரச வாரிசு ஒருபுறம், அரசுரிமை இல்லாத படை மறுபுறம். ஒன்றுக்கொன்று தேவைப்பட்டது.

பினாங்கின் லெப்டினன்ட் கவர்னர் ஆர்ச்சிபால்ட் ஆன்சன் 1873 ஆகஸ்டில் எல்லோரையும் கூட்டிச் சமாதானம் பேசிப் பார்த்தார். தலைவர்கள் தலையாட்டினார்கள். லாருட்டில் துப்பாக்கிகள் தலையாட்டவில்லை. செப்டம்பரில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மிட்ஜின் படகுகள்மீதே சூடு விழுந்து இரண்டு அதிகாரிகள் படுகாயமடைந்தார்கள். அதே மாதம் கவர்னர் ஆர்ட் பொறுமை இழந்தார். ஙா இப்ராஹிமை லாருட்டின் சுதந்திர அரசராக அங்கீகரித்து, அவர் பக்கத்துக்கு மட்டும் ஆயுதம் போகலாம் என்று விட்டுவிட்டார். நடுநிலை என்று அதுவரை சொல்லிவந்த வார்த்தைக்கு அன்றோடு அடக்கம்.

ஆனால் ஙா இப்ராஹிம் அதற்கு முன்பே வேறொரு ஏற்பாடு செய்து முடித்திருந்தார்.

*

டிரிஸ்ட்ராம் ஸ்பீடி. மீரட்டில் பிறந்த ஆங்கிலேயர். ஆறரை அடியைத் தொடும் உயரம், செந்தாடி. அபிசீனியாவில் தெவோத்ரோஸ் பேரரசரிடம் வேலை பார்த்து, அவரோடு மனத்தாங்கலாகி வெளியேறி, 1868-இல் அதே பேரரசரை வீழ்த்தப் போன பிரிட்டிஷ் படைக்கு மொழிபெயர்ப்பாளராகத் திரும்பிப் போனவர். அனாதையான பேரரசரின் சிறுவயது மகனுக்குக் காப்பாளராக இருந்தவர். இந்த விசித்திரப் பிறவி கடைசியில் வந்து சேர்ந்த வேலை, பினாங்கு போலீஸ் சூப்பரிண்டெண்ட்.

1873-இல் அவர் அரசாங்க வேலையை உதறினார். மந்திரி ஙா இப்ராஹிமின் சம்பளத்துக்குச் சேர்ந்து, நேரே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வந்தபோது கூட நூற்றுச் சொச்சம் சீக்கியர்களும் பட்டாணியர்களும். பெரும்பாலும் முன்னாள் சிப்பாய்கள். பீரங்கிகளும் வந்தன. செப்டம்பர் முடிவில் அவர்கள் லாருட்டில் இறங்கினார்கள்.

சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. போர் இரண்டு சீனச் சங்கங்களுக்கிடையில். நடக்கும் இடம் மலாய் மண். ஒரு தரப்பின் படைத்தலைவர் ராஜினாமா செய்த ஆங்கிலேய போலீஸ்காரர். படை பஞ்சாபிலிருந்து. பணம் ஈயத்திலிருந்தும் பினாங்குக் கடைகளிலிருந்தும். இதில் ‘நாடு’ எங்கே இருக்கிறது? அரசியல் அறிஞர்கள் அண்மைக் காலத்தில் வாக்னர் கூலிப்படை ஆப்பிரிக்காவில் சுரங்கங்களுக்குக் காவல் நின்றதைப் பார்த்து, அரசுகளுக்கு வெளியே புதிய சக்திகள் எழுந்துவிட்டன என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். லாருட்டைப் பார்த்தவர்களுக்கு அதில் புதுமை கம்மி. சொல்லப்போனால், பினாங்குத் தீவையே 1786-இல் பிடித்தது ஒரு நாடு இல்லையே, பங்கு விற்ற கம்பெனி. அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி சட்டப்படி கலைக்கப்பட்டது 1874 ஜூனில். நம் கதை உச்சத்துக்கு வரும் அதே ஆண்டு.

ஸ்பீடியின் ஆட்கள் வந்ததும் தராசு சாய்ந்தது, ஆனால் முடியவில்லை. கீ ஹின் முகத்துவாரத்தில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சதுப்புக் காட்டுக்குள் பீரங்கியை இழுக்க முடியாது. இரு பக்கமும் களைத்திருந்தன. ஈயம் வரவில்லை. பினாங்கு தவுக்கேகளின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வருடமாகச் செலவுப் பக்கம் மட்டுமே நிறைந்தது. போருக்குப் பணம் போட்டவர்களுக்கே இப்போது போர் வேண்டாம். ஆனால் விட்டுக்கொடுத்தால் மறு கட்சி விழுங்கிவிடும். யாராவது மூன்றாவது ஆள் வந்து இருவர் கையையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும்.

*

1873 நவம்பரில் சிங்கப்பூருக்குப் புதுக் கவர்னர் வந்தார்: ஆண்ட்ரூ கிளார்க், பொறியியல் படை அதிகாரி. மலாய் அரசுகளில் ‘ரெசிடெண்ட்’ என்ற அதிகாரி ஒருவரை நியமிப்பது சரிப்படுமா என்று விசாரித்து எழுது, இதுதான் லண்டன் அவருக்குக் கொடுத்த வேலை. விசாரித்து எழுதச் சொன்னார்கள்; அவர் முடித்துவிட்டு எழுதினார். பாடப்புத்தகங்களில் கிளார்க் துணிச்சல்காரர். இருக்கட்டும். ஆனால் அவருக்குத் துணிச்சல் கொடுத்த கடிதம் எங்கே தயாரானது?

சிங்கப்பூரில் ஒரு வியாபாரியின் மேசையில். வில்லியம் ரீட் என்ற வணிகரும், டான் கிம் சிங் என்ற அரிசித் தவுக்கேயும் ராஜா அப்துல்லாவைப் பிடித்துவைத்திருந்தார்கள். அப்துல்லா சுல்தானானால் லாருட்டின் சுங்கக் குத்தகை பத்தாண்டுக்கு டான் கிம் சிங்குக்கு. 1873 டிசம்பர் 30 தேதியிட்டு அப்துல்லாவின் பெயரில் கிளார்க்குக்கு ஒரு கடிதம் போனது: என்னைச் சுல்தானாக ஏற்றுக்கொள்ளுங்கள், நல்லாட்சி முறை காட்ட ஓர் அதிகாரியை அனுப்புங்கள். பேராக்கின் இறையாண்மையைப் பேராக்குக்கு வெளியே, குத்தகைக்காரர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். பிற்பாடு பேரரசின் ஆவணங்களில் இது ‘மலாய் மன்னரின் அழைப்பு’ என்று பதிவாயிற்று. எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும்.

கிளார்க் தாமதிக்கவில்லை. சீன மொழி தெரிந்த அதிகாரி வில்லியம் பிக்கரிங்கைப் பினாங்குக்கு அனுப்பினார். அவர் கீ ஹின் தலைவர்களைச் சந்தித்து அவர்கள் மொழியிலேயே பேசினார். ஆச்சரியம் என்று மற்றவர்கள் சொன்னார்கள்: சில நாளிலேயே கீ ஹின் இறங்கி வந்தது. மேலே கணக்குப் புத்தகத்தைப் பார்த்த நமக்கு ஆச்சரியமில்லை.

1874 ஜனவரி. பேராக் கரைக்கு அப்பால் பங்கோர் தீவு. கவர்னர் ஏறிவந்த புளூட்டோ நீராவிக் கப்பல் நங்கூரமிட்டிருக்கிறது. இரண்டு வருடம் ஒருவர் கழுத்தை ஒருவர் தேடிய ஹாய் சான், கீ ஹின் தலைவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜனவரி 20. நாம் பள்ளியில் படித்த பங்கோர் உடன்படிக்கை மலாய்ப் பிரபுக்களோடு செய்தது. அதே நாளில் இன்னொரு தாளும் கையெழுத்தானது; அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சீனச் சங்கத் தலைவர்கள் கவர்னரிடம் எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரம். ஆயுதம் ஒப்படைக்க வேண்டும், அரண்களை இடிக்க வேண்டும், மீறினால் 50,000 டாலர் பிணை. சுங் கெங் குவியும் கீ ஹின்னின் சின் ஆ யாமும் கையெழுத்துப் போட்டார்கள். பிரிட்டிஷ் மகுடம் இரண்டு லம்பச் சங்கங்களோடு, ஒரு வெளிநாட்டு மண்ணைப் பற்றி எழுத்தில் உடன்பாடு செய்தது. இதற்குச் சர்வதேச உறவு என்று பெயரில்லையென்றால் வேறு எதற்கு?

அதைவிடச் சுவையானது அடுத்து நடந்தது. உடன்பாட்டை நிறைவேற்ற ஒரு குழு: டன்லப், ஸ்வெட்டன்ஹாம், பிக்கரிங் என்று மூன்று அதிகாரிகள். கூடவே இரண்டு சங்கத் தலைவர்களும் ஆணையர்கள்! நேற்று ஊரைக் கொளுத்தியவர்கள் இன்று அரசாங்க ஆணையராகக் காட்டுக்குள் போய் அரண்களை இடித்தார்கள். போரில் இரு தரப்பும் பிடித்துச் சென்ற பெண்களைத் தேடி மீட்பதும் அவர்கள் வேலை. பெண்களைப் பற்றி உடன்படிக்கை பேசும்போது ஆயுதங்களைப் பற்றிப் பேசும் அதே குரல்தான்: ஒப்படைக்க வேண்டிய பொருள்.

கமுந்திங் கீ ஹின்னுக்கு, தைப்பிங் ஹாய் சானுக்கு. 1861-இல் கேட்டிருந்தால் அரைநாளில் வரைந்திருக்கக்கூடிய எல்லை.

பிறகு ஒவ்வொருவருக்கும் என்ன கிடைத்தது? ஸ்பீடி லாருட்டின் உதவி ரெசிடெண்ட். மந்திரியின் கூலிப்படை மகாராணியின் படையாகிவிட்டது. அந்தச் சீக்கியர்களின் வழிவந்த பட்டாளமே பிற்பாடு பேராக் சீக்கியர் படை. சுங் கெங் குவி சீனர்களின் கப்பித்தான் (தலைவர்). கீ ஹின்னின் பழைய தலைமையகம் இருந்த சர்ச் தெரு நிலத்தை அவர் பின்னாளில் வாங்கித் தம் மாளிகையைக் கட்டினார். இன்று பெரானாக்கான் மாளிகை என்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறீர்களே, அதுதான். எதிரியின் வாசலில் குடியேறுவதைவிட நீண்ட வெற்றி ஏது? நட்டப்பட்டவர் ஙா இப்ராஹிம். எல்லோரையும் விட அதிகம் செலவு செய்து, ஒரு படையையே வரவழைத்த அவர் தலையில் ஆக்கிரமிப்புச் செலவும் ஏறியது. சில ஆண்டுகளில் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தவும் பட்டார். அவரிடம் ஒரு பிரதேசம் இருந்தது. பிரதேசம் இருந்தால் பறிக்கலாம். சங்கங்களிடம் பறிக்க என்ன இருந்தது?

*

பங்கோரில் கையெழுத்து காய்ந்த ஜனவரி 20-ஆம் தேதியோடு பினாங்கு மருந்து வியாபாரிகளின் ஒரு வாடிக்கை முடிந்தது. இரண்டாவது வாடிக்கை இருக்கிறதே! விரலை மேற்கே நகர்த்துங்கள்.

சுமத்ராவின் வட முனையில் ஆச்சே சுல்தானகம். உலக மிளகில் பெரும்பங்கு விளையும் நாடு. அந்த மிளகு பல பத்தாண்டுகளாகப் பினாங்கு வழியாகவே சந்தைக்குப் போனது. 1873 மார்ச் 26-இல் டச்சுக்காரர்கள் ஆச்சே மீது போர் அறிவித்தார்கள். ஏப்ரலில் முதல் படையெடுப்பு. பெரிய பள்ளிவாசல் அருகே டச்சுத் தளபதி கோலர் சுடப்பட்டுச் செத்தார், படை திரும்பி ஓடியது. டிசம்பரில் இரண்டாவது படை வந்தது, பெரிதாக, ஆத்திரத்தோடு, காலராவோடு.

1874 ஜனவரி 24. பங்கோருக்கு நான்கு நாள் கழித்து ஆச்சே அரண்மனை விழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் சுல்தான் மஹ்மூதையும் காலரா கொண்டுபோயிற்று. தலைநகர் போய்விட்டது, அரசர் போய்விட்டார், அரியணையில் ஏற்றத் தயாராக வளர்ந்த வாரிசு இல்லை. டச்சுத் தளபதி வான் ஸ்வீட்டன், ஆச்சே இனி தம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று பிரகடனம் செய்தார். சர்வதேசச் சட்டப் புத்தகப்படி பார்த்தால் ஆச்சே என்ற நாடு முடிந்தது.

அப்படியானால் அதற்குப் பிறகும் ஆச்சேவின் பெயரால் கடிதம் எழுதியவர்கள் யார்? முற்றுகையைத் தாண்டி மருந்தும் துப்பாக்கியும் அனுப்பியது யார்? படகில் வந்தவர்களிடம், உதவி வந்துகொண்டிருக்கிறது, விடாதீர்கள் என்று சொல்லியனுப்பியது யார்?

ஜார்ஜ் டவுனில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஆச்சேப் பிரபுக்கள், அரபு வணிகர்கள். அவர்களோடு பினாங்கிலேயே பிறந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும். டச்சுக்காரர்களின் தூதர் அதே ஊரில் இருந்துகொண்டு, அவர்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களை ஆள் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பினாங்கின் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு அந்த எட்டுப் பேரையும் தெரியும். தெரிந்தும் அவர்கள்மீது ஏன் யாரும் கை வைக்கவில்லை?

(தொடரும்)